163

அன்புள்ள எல்லோருக்கும்,

ஒக்டோபர் 5, சனிக்கிழமை இரவு, நுய் பிளான்ஷ் கலைவிழாவுக்குப் போன இடத்தில் எங்கள் சினேகிதி ஒருத்தியை அம்புலன்ஸில் ஏற்றும்படி என்ன நடந்தது என்று திரும்பவும் எழுதப் போவதில்லை. ஞாயிறு மத்தியானத்துக்குள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பாதிப் பேருக்கும் பக்கத்து மார்க்கம் நகரில் மீதிப் பேருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் யாராவது மிஞ்சியிருந்தால் என் மச்சாள் சொல்லியிருப்பா. எங்கள் சினேகிதி இப்போது வீட்டில் இருக்கிறாள். நேற்று உப்புக் குறைத்துக் காய்ச்சிக் கொண்டுபோன கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைக் குடிக்கத்தானா என்னைக் காப்பாத்தினனீங்கள்?" என்று ஏசினாள். அந்த ஏச்சு காதில் விழுந்த பிறகுதான் இதை எழுத எனக்குக் கை வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நெருங்கியவர்களுக்கு நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. சொன்னால், "நாங்கள் என்ன பிறத்தியாரோ?" என்று கோபம்தான் வரும். அதனால் உங்களில் பலருக்கு ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்புலன்ஸில் வந்த இரண்டு பேருக்கும், அவர்கள் வரும்வரை தெருச் சனத்தை விலக்கி வழி விட்ட, கழுத்தில் மினுங்கும் வளையம் போட்டிருந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கும், மீற்றரில் விழுந்த காசை வாங்க மறுத்த டாக்சிக்காரருக்கும், விடியப்புறம் கேட்டதும் மறு கேள்வி கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்த சினேகிதியின் தம்பி மகனுக்கும், வார்ட்டில் எங்களுக்கு ஒரு போர்வை தந்துவிட்டுப் பிறகு இன்னொன்றும் தேடித் தந்த தாதிக்கும், இந்தக் கிழமை முழுக்க இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வாசலில் வைத்தவர்களுக்கும், "இந்த வயதில் உங்களுக்கு இரவு முழுக்க ரோட்டில் என்ன வேலை?" என்று போன் எடுத்து ஏசியவர்களுக்கும் நன்றி. ஏசியவர்களுக்குப் பதில் கீழே வருகிறது.

இந்த மடல் உண்மையில் வேறு ஒருவருக்கு. அவன் பெயர் எனக்குத் தெரியாது. கழுத்தில் தொங்கிய அட்டை கடைசிவரை மறுபக்கம் திரும்பியே கிடந்தது. என் மகன் வயது, அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

இனி, ரோட்டில் என்ன வேலை என்பதற்கு வருகிறேன். நுய் பிளான்ஷ் என்றால் வெள்ளை இரவு. பிரெஞ்சுக்காரர் தூங்காமல் கழிக்கும் இரவை அப்படிச் சொல்வார்களாம். பாரிஸில் 2002இல் தொடங்கிய யோசனையை ரொறன்ரோ 2006இல் எடுத்துக்கொண்டது. மாலை 7 மணி தொடங்கி மறுநாள் காலை 7 மணிவரை தெருவும் சதுக்கமும் பழைய கட்டடங்களும் கலைக்கூடமாகிவிடும், நுழைவுச் சீட்டு கிடையாது. இத்தனை வருடமும் எங்கள் ஐந்து பேரில் ஒருத்திகூட அதை முழுதாகப் பார்த்ததில்லை. இங்கே வந்த நாள் முதல் எங்களுக்கு இரவு என்றால் வேலைதான். 2013இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 3,144 சைக்கிள்களை நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். மகள் போய்ப் படம் எடுத்து அனுப்பினாள். நான் அப்போது பேக்கரியில் பாண் பொதி செய்துகொண்டிருந்தேன். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. யுத்தத்தில் பெற்றோல் இல்லாத காலத்து யாழ்ப்பாணத்துச் சந்தியில் நின்றவளுக்கு 3,144 சைக்கிள் ஒரு காட்சியா? ஆனாலும் நேரில் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எங்கேயோ ஒட்டிக்கொண்டது. 2018இல் முதன்முறையாக ஸ்காபரோவிலும் நடத்தினார்கள், வீட்டுக்குப் பக்கம் என்று போனேன். பதினொரு மணிக்கு வீட்டில் இருந்து போன் வந்தது, திரும்பிவிட்டேன்.

இந்த வருடம் ஐந்து பேரும் விடியும்வரை நிற்பது என்று ஒரே பிடியாக நின்றோம். ஐந்து பேரும் ஒரே பள்ளிக்கூடம், இப்போது ஐம்பதைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறோம். கென்னடி நிலையத்தில் சப்வே எடுத்தோம். இஞ்சித் தேத்தண்ணி ஒரு போத்தல், மரக்கறி றோல்ஸ் இருபது. விடியப்புறத்துக்கு என்று கட்டிய றோல்ஸ் ஒன்பதரைக்கே முடிந்துவிட்டது. நகர மண்டபத்தின் இரண்டு வளைந்த கோபுரங்களுக்கும் கீழே ஒரு படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சோடி வந்து எங்களையும் ஒரு கலைப்படைப்பு என்று நினைத்துப் படம் எடுத்தது. அருகில் விளக்கப் பலகை ஏதும் இருக்கிறதா என்று அந்தப் பெண் தேடியதை நான் என் கண்ணால் கண்டேன்.

அந்த இரவு எப்படி இருந்தது என்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சின்ன வயதில் கோயில் பூங்காவனத் திருவிழாவுக்குப் பாயும் தலையணையும் கொண்டுபோவோம். தவில் சமா உச்சத்தில் ஏறும்போது நித்திரையாகிவிடுவோம், கச்சான்காரி கூப்பிடும் குரலில் எழும்புவோம். சனத்தோடு சனமாக வெளியே கழித்த இரவுகள் எங்களுக்கு அவ்வளவுதான். பிறகு ஊரடங்கு வந்தது. மின்சாரமும் போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். ஒழுங்கையில் நாய் குரைத்தால் அம்மா அந்தத் திரியையும் இறக்கிவிடுவா. இரவில் வெளியே நிற்கும் ஆள் என்றால் ஒன்று பிடிக்க வந்தவன், இல்லாவிட்டால் பிடிபடப் போகிறவன். அப்படி வளர்ந்தவள் இரவு இரண்டு மணிக்கு குயின் வீதி நடுவில், கார் ஓடாத ரோட்டில், கையை வீசிக்கொண்டு நடந்தேன். யாரும் என் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. அதற்காகத்தான் போனோம். ஏசியவர்களுக்கு என் பதில் இதுதான்.

சரி, எங்கள் சினேகிதிக்கு அம்புலன்ஸ் வந்த அந்த மூன்றே முக்கால் மணிக்கு வருகிறேன்.

அம்புலன்ஸில் அவளோடு ஒருத்திதான் ஏறலாம் என்றார்கள். இன்னொருத்தி பின்னால் டாக்சியில் போனாள். நான் போக முடியவில்லை. எங்களில் ஐந்தாமவள், வாத்தியார் மகள், நடந்தது ஒன்றும் தெரியாமல் சதுக்கத்துப் பக்கம் நீண்ட வரிசை ஒன்றில் நின்றாள். ஐந்து மணிக்கு இதே இடத்துக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனவள். அவளுடைய போன் ஒரு மணிக்கே செத்துவிட்டது. யாராவது ஒருத்தி அங்கே நிற்கத்தான் வேண்டும். நின்றேன். சிவப்பு வெளிச்சம் மூலை திரும்பியதும் கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின.

அது ஒரு சின்னத் தெரு. பழைய கட்டடம் ஒன்றின் நடைகூடத்துக்குள் ஒளியும் ஓசையுமாக ஏதோ வைத்திருந்தார்கள். இன்றைக்கும் உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதன் வாசலில் காவலுக்கு நின்ற தொண்டன்தான் நான் சொல்லும் தம்பி. அவனுக்கு என்று ஒரேயொரு மடக்கு நாற்காலி இருந்தது. அதைத் தூக்கி வந்து எனக்குப் பின்னால் விரித்து வைத்தான். இருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. இருந்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் நன்றி சொல்லப் போதுமானதுதான். ஐந்து நிமிடம் கழித்து அவன் திரும்பி வந்தான். கையில் ஒரு சின்ன உலோகக் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று ஒரு எண் கூடும். உள்ளே போகிறவர்களை எண்ணுவதற்கு அது.

"எனக்கு ஒரு உதவி செய்வீர்களா?" என்று கேட்டான். "நான் உள்ளேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு ஆள் போனால் ஒருதரம் அழுத்துங்கள்."

அந்த இரவில் எனக்கு உதவியவர்கள் பலர். என்னிடம் உதவி கேட்டவன் அவன் ஒருவன்தான்.

நான் எண்ணத் தொடங்கினேன். இரண்டு பேர், டிக் டிக். முகமூடி போட்ட நான்கு பையன்கள். காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு நடந்த ஒரு பெண். தள்ளுவண்டியில் நல்ல நித்திரையில் ஒரு குழந்தை. அதை எண்ணுவதா விடுவதா என்று உள்ளே பார்த்தேன், அவன் தலையாட்டினான், டிக். மனம் அம்புலன்ஸுக்குப் பின்னால் ஓடும்போதெல்லாம் யாராவது வாசலுக்கு வந்துவிடுவார்கள், நான் திரும்பிவர வேண்டியிருக்கும். பிள்ளையாரே என்று தொடங்கிய நேர்த்தி ஒன்றைக்கூட அந்த இரவில் முடிக்க முடியவில்லை. சனம் விடவில்லை. போன் வந்தபோது 131. "கதைக்கிறாள்," என்றாள் ஆஸ்பத்திரியில் இருந்தவள். "தன்ர சப்பாத்து எங்கே எண்டு கேக்கிறாள்." நான் அழுதுகொண்டே மூன்று பேருக்கு அழுத்தினேன்.

அவன் அதையும் கண்டும் காணாதவன் மாதிரி நின்றான். யாருக்கு என்ன, எந்த நாடு, ஏன் தனியே நிற்கிறீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியார் மகள் ஐந்தரைக்குத்தான் வந்தாள் (வரிசை நீளமாம்!). அதுவரை அந்தப் பிள்ளை நின்றபடியே நின்றான். நடுவில் ஒருதரம் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலை மடக்கி இளைப்பாறியதைக் கண்டு எழும்பப் போனேன். "எண்ணிக்கை விட்டுப்போகும்," என்றான்.

பிறகு வார்ட்டில் இருந்தபோது யோசித்தேன். அதிகாலை நான்கு மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அவனை யார் கேட்கப் போகிறார்கள்? உண்மையாகவே கேட்பார்களோ என்னவோ. புறப்படும்போது கருவியை வாங்கிப் பார்த்து, மடித்த தாள் ஒன்றில் 163 என்று எழுதிக்கொண்டான். ஏற்கெனவே எழுதியிருந்த எண்களுக்குக் கீழே, ஒரு கட்டத்துக்குள். நான் அவனுடைய கையைப் பிடித்து, "தம்பி, நல்லா இரும்" என்று தமிழிலேயே சொன்னேன். அவன் ஏதோ விளங்கியது மாதிரித் தலையைச் சரித்தான். நன்றி என்ற சொல் அந்த நேரம் எந்தப் பாஷையிலும் வாயில் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஏழு மணிக்கு எல்லா விளக்கும் அணைந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரி யன்னலில் நின்றோம். ஒக்டோபரில் ஏழு மணிக்கு இங்கே சூரியன் வந்திருக்காது. வெளியே இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் ஐந்து பேரும் திரும்பப் போவோம். இதைத் தீர்மானித்தது நானில்லை, கஞ்சி குடிக்க மறுப்பவள். சூரியன் வரும்வரை நிற்க வேண்டுமாம். றோல்ஸ் நாற்பது கொண்டுபோகிறோம், அதில் பத்தை யாரும் தொடக்கூடாது. வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு பிள்ளைக்கு அது. மடக்கு நாற்காலியும் ஒன்று வாங்கியாகிவிட்டது.

மகள் இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதி விழா நடத்துபவர்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அது அவனிடம் போய்ச் சேருமோ தெரியாது. உங்கள் பிள்ளைகளில் யாராவது அந்த இரவு தொண்டர்களாக நின்றிருந்தால் விசாரித்துப் பாருங்கள். உயரமான பிள்ளை, கறுப்பு ஜக்கெற், இடது கைக் கையுறையில் பெருவிரல் பக்கம் கிழிந்திருந்தது. கண்டால் என் நன்றியைச் சொல்லுங்கள். கணக்கையும் திருத்தச் சொல்லுங்கள். அந்த 163இல் ஒன்று நாய். சட்டை போட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை.