எக்செல்லில் காணாமல் போன 15,000

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்செல் சொல்லித்தருகிற கணினி வகுப்புகளில், போட்ட கணக்கில் தப்பைத் தேடவும் ஒரு நாள் ஒதுக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு பொது வீடு. பங்கெல்லாம் பாதி, கால் என்று பிரிந்து கிடப்பதால், இரண்டாங்கட்டில் ஓடு மாற்ற ஆளுக்கொரு தொகை. கணக்கை சிங்கப்பூரில் இருக்கும் தம்பி மகன் எக்செல்லில் போட்டான். மொத்தம் 1,87,500 என்றது எக்செல், பாஸ்புக்கோ 2,02,500 என்றது. பணம் கூடத்தானே இருக்கிறது, விடுங்கள் என்றார்கள் சிலர். பர்மாவில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த எங்கள் ஐயா இருந்திருந்தால் ஐந்தொகை (வரவு செலவு முடிவுக் கணக்கு) நேராகும்வரை யாரையும் சாப்பிட எழுந்திருக்க விட்டிருக்க மாட்டார், கூடினாலும் தப்புத்தான்.

உட்கார்ந்து தேடினோம். கண்ட்ரோல் விசையோடு, 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையை அழுத்தினால் எண்கள் மறைந்து ஃபார்முலாக்கள் அப்படியே தெரியும். பெரியப்பா வீடு மூத்த வீடு, பெயர் முதலில் வரவேண்டும் என்று கடைசி நேரத்தில் மேலே ஒரு வரிசை நுழைத்திருக்கிறான். கூட்டல் பழையபடி அதற்கு அடுத்த வரிசையிலிருந்துதான் தொடங்கியது. அங்கே போனது 10,000. இன்னொருவர் தொகையை '5,000 ரூ' என்று அடித்திருந்தான். 'ரூ' ஒட்டியதும் எக்செல்லுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து, கூட்டலில் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இது மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றதை அத்தனை பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை (என் கண்ணிலும்தான்). சரி, பாக்கி கழிக்கும் கணக்கிலாவது, எழுத்தைக் கழிக்க முடியாமல் 'வேல்யூ' என்று பிழை காட்டியிருக்குமே என்றால், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் இஃப்எரர் போட்டு, பிழை வந்தால் 0 காட்டச் சொல்லிவிட்டான். பாக்கி 0 என்றால் கட்டிவிட்டார் என்றுதானே நினைப்போம்!

பையனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பெரிய பொருளாதார அறிஞர்கள் 2010-இல் வெளியிட்ட அரசுக் கடன் ஆய்விலேயே, எக்செல்லில் சராசரி எடுத்தபோது 5 நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. 2013-இல் அதைக் கண்டுபிடித்தவர்களில் தாமஸ் ஹெர்ண்டன் என்பவர் அப்போது மாணவர்.

எங்கள் கணக்கு இப்போது நேராகிவிட்டது. பெரியப்பா வீடு முதலிலேயே இருக்கிறது; அதற்கு மேலே ஒரு வெற்று வரிசை விட்டு அதையும் கூட்டலுக்குள் சேர்த்துவிட்டோம், இனி அந்த வரிசைக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவில் எத்தனை பேரை நுழைத்தாலும் விடுபடாது. இஃப்எரரையும் எடுத்தாயிற்று, அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி