மசாலா கொதிக்கட்டும், பழம் கொதிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், பண்டிகை விருந்துக்கென்று மசாலா மணக்கும் பழரசம் ஒன்றின் செய்முறை வந்திருந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வீடு நிறைய ஆள் கூடும் நேரத்தில் நல்ல யோசனைதான். ஆனால் எல்லாப் பழத்தையும் மிக்ஸியில் அடித்து, பட்டை, கிராம்பு போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, கடைசியில் பாலும் சிவப்புக் கலர் பொடியும் சேர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே செய்தால் கிடைப்பது கசப்புக் கஷாயம்; அதுவும் திரிந்துபோன கஷாயம். மதுரைப் பக்கம் விசேஷ வீடுகளுக்குச் சமைக்கிறவர்கள் என்ற முறையில் சில திருத்தங்களை எழுதுகிறோம்.

கொதிக்க வேண்டியது மசாலா மட்டுமே. பழச்சாற்றைத் தனியாக எடுத்து, இரண்டும் நன்றாக ஆறிய பிறகே ஒன்று சேர்க்க வேண்டும். 25 பேருக்கு, ஆளுக்கு 200 மில்லி டம்ளர் ஒன்று என்று 5 லிட்டருக்குக் கணக்குச் சொல்கிறோம்.

இந்தப் பானத்துக்குக் கனம் கொடுப்பது திராட்சை. நம் பக்கத்திலேயே கம்பம், சுருளிப்பட்டி, கூடலூர் தோட்டங்களின் பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அநேகமாக வருஷம் முழுக்க வரத்து உண்டு. 2 கிலோ வாங்கி, கல் உப்புப் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் கொத்தோடு ஊறவைத்து, அலசிவிட்டுக் காம்பிலிருந்து உதிர்க்கவும். கால் லிட்டர் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் வைத்தால் எட்டுப் பத்து நிமிஷத்தில் தோல் வெடித்து ஊதாச் சாயம் இறங்கும். ஓரத்தில் சின்னக் குமிழ் தட்டியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் திராட்சையின் வாசம் போய், ஜாம் வாடை வந்துவிடும். இறக்கியபின் மத்தால் மெதுவாக மசித்து வெள்ளைத் துணியில் வடிகட்டினால் ஏறக்குறைய 1.3 லிட்டர் சாறு கிடைக்கும். துணியை முறுக்கிப் பிழிந்தால் வண்டல் சேர்ந்து வரும். தானாக வடியவிடுவதே நல்லது. மிக்ஸி மட்டும் வேண்டவே வேண்டாம். கொட்டை அரைபட்டால் அதன் துவர்ப்பு இறங்கும், அப்புறம் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது போகாது.

நாக்பூர் ஆரஞ்சு டிசம்பரில் மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டுக்குக் குறைவில்லாமல் வரும். ஒரு லிட்டர் சாற்றுக்கு இரண்டரை கிலோ வரை பிடிக்கும். இதை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சுட்டாலும் கசக்கும், பிழிந்து நேரம் கழித்தாலும் கசக்கும், விதை நசுங்கினால் கேட்கவே வேண்டாம். பந்தி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது பிழிந்து, உடனே விதையை வடித்துவிடுங்கள். சாத்துக்குடி இதைவிடச் சீக்கிரம் கசக்கும் என்பதால் நாங்கள் அதைத் தவிர்க்கிறோம்.

நடுத்தர அன்னாசி ஒன்றில் அரை லிட்டர் சாறு வரும். அடித்து வடித்தபின் பத்து நிமிஷம் அசையாமல் வைத்து, மேலே கட்டும் நுரையை எடுத்துவிடவும். பச்சை அன்னாசி தின்றால் நாக்கு அரிக்கிறதே, அதற்குக் காரணமான நொதிதான் பாலின் புரதத்தையும் சிதைத்துக் கசப்பாக்குகிறது. போதாக்குறைக்கு எலுமிச்சையின் புளிப்பும் சேர்ந்தால் பால் திரியாமல் என்ன செய்யும்? பால் வேண்டுமென்றால் ஜிகர்தண்டா இருக்கிறது, அதைத் தனியாகக் கொடுக்கலாம். ஆனால் ஜிகர்தண்டாவுக்குப் போடும் கடல்பாசியை இதிலும் துண்டு போடலாம். அன்னாசி அதை ஒன்றும் செய்யாது. கடல்பாசியைத் தண்ணீரில் காய்ச்சி இறக்கிய பிறகே பழச்சாறு கலக்க வேண்டும். சாற்றோடு சேர்த்துக் காய்ச்சினால் புளிப்பில் பிடிமானம் குறைந்து, சரியாக உறையாது.

இனி மசாலா. ஒன்றே கால் லிட்டர் தண்ணீரில் பட்டை 10 கிராம், தட்டிய சுக்கு 10 கிராம், கிராம்பு 10, மிளகு 15, அன்னாசிப்பூ ஒன்று. ஒன்றுக்கு மேல் அன்னாசிப்பூ விழுந்தால் பிரியாணி வாடை வந்துவிடும். எதையும் பொடிக்க வேண்டாம், நசுக்கினால் போதும். பொடி கலங்கலாகி டம்ளர் அடியில் மண்போலத் தங்கும். சிறு தீயில் பத்து நிமிஷம் கொதித்ததும் 300 கிராம் சர்க்கரையைக் கரைத்து இறக்கி, அதன்பின் தட்டிய ஏலக்காய் 10 போட்டு மூடிவைக்கவும். ஏலக்காயின் மணம் சீக்கிரம் ஆவியாகிவிடும், முதலிலேயே போட்டால் சமையற்கட்டு மணக்கும், பானம் மணக்காது. மூடிய பாத்திரத்தில் இருபது நிமிஷம் இருந்ததும் வடித்துவிட வேண்டும். கிராம்பு உள்ளேயே கிடந்தால் கசந்து, நாக்கு மரத்துப்போகும். தடிப்பான நாட்டுமருந்துக் கடைப் பட்டையை அதிக நேரம் காய்ச்சினால் தண்ணீரில் ஒருவிதக் கொழகொழப்பு வரும். மெல்லிய சுருள் பட்டை கிடைத்தால் அதுவே மேல். கருப்பட்டியும் வெல்லமும் பானகத்துக்கு அருமை. இதில் திராட்சையை அமுக்கிவிடும்.

மசாலாத் தண்ணீர் முழுதாக ஆறியதும் திராட்சை, அன்னாசி, ஆரஞ்சு என்று வரிசையாக ஊற்றி, நான்கைந்து எலுமிச்சம்பழச் சாறும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கவும். எலுமிச்சைச் சாறு விழும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள்: ஊதாவாக இருந்தது அங்கிருந்து சிவந்துகொண்டே வரும். கலர் பொடிக்கு வேலையே இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, போர் தண்ணீர் ஊற்றினால் நிறம் மங்கி நீலம் தட்டும். நம் பக்கத்து உப்புத் தண்ணீரின் காரத்தன்மை செய்கிற வேலை அது. குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். மீதி 900 மில்லிக்குக் குளிர்ந்த தண்ணீரோ சோடாவோ ஊற்றலாம். சோடா என்றால் பரிமாறும்போதுதான், இல்லாவிட்டால் நுரைப்பு அடங்கிச் சப்பென்று ஆகிவிடும். குளிர்ந்தால் இனிப்பு குறைந்து தெரியும், ஆகவே ஆறிய நிலையில் ஒரு சுற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும்.

மிதக்கவிட மாதுளை முத்தும், எலுமிச்சைத் தண்ணீரில் போட்டெடுத்த ஆப்பிள் துண்டும் போதும். வாழை கறுக்கும், பப்பாளி கரையும்.

பாத்திரம் எவர்சில்வராகவே இருக்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளை அண்டாவிலும் அலுமினியத்திலும் புளிப்புச் சாறு நின்றால் உலோகம் கரைந்து இறங்கும். பித்தளையில் களிம்பேறினால் வயிற்றைப் புரட்டி வாந்தி வரும். ஐஸ் விஷயத்தில் பல வீடுகளில் அலட்சியம் இருக்கிறது. மீனுக்குப் போடும் ஐஸ் பாரை உடைத்து உள்ளே போட்டுவிடுகிறார்கள். சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உத்தரவு, 2018 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. நிறம் கலக்காமல் வந்தாலும் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத ஐஸை நம்ப வேண்டாம். அண்டாவைப் பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் ஐஸும் கல் உப்பும் போடுங்கள். உள்ளே போட ஐஸ் வேண்டுமென்றால் முதல் நாளே கொஞ்சம் திராட்சைச் சாற்றைத் தட்டில் உறையவைத்துக்கொள்ளலாம், கரைந்தாலும் பானம் நீர்த்துப்போகாது.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வருவோருக்கும் மார்கழி பஜனைக்காரர்களுக்கும் சூடாகவே கொடுக்கலாம். சோடா வேண்டாம். தண்ணீர், திராட்சை, மசாலா மூன்றையும் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி இறக்கி, அன்னாசியும் ஆரஞ்சும் அப்புறம் ஊற்ற வேண்டும்.

மசாலாத் தண்ணீரை இரண்டு நாள் முன்னதாகவே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம், காய்ச்சிய திராட்சைச் சாற்றையும் அப்படியே. கலந்தபின் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை மறுநாள் திறக்கும்போது நுரை கட்டியிருந்தால் புளித்துவிட்டது என்று அர்த்தம். ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

கலர் பொடியையும் பாலையும் நீக்கச் சொல்லியாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தால் நல்லது. இனி வெளியிடும் செய்முறைகளில் எத்தனை பேருக்கு, எந்தப் பாத்திரத்தில் என்பதையும் சேர்த்துப் போடவும்.

இப்படிக்கு,
விசேஷச் சமையல் செய்வோர் சிலர்,
மதுரை.