தோப்புக் காற்றும் உன் ரேடார் லாரியும்

காரிமங்கலம்,
சித்திரை 28.

அன்புள்ள கண்ணுவுக்கு,

சென்ற வாரம் அடித்த சூறைக்காற்றில் நம் தோப்புப் பெங்களூரா மாமரங்கள் பாதிக் காயை உதிர்த்துவிட்டன. அந்தக் காற்றைச் சென்னை வானிலை ரேடார் பார்த்திருக்குமா என்று உன் அப்பா கேட்டார். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியையால் சும்மா இருக்க முடியுமா? அரை டிகிரி சாய்வில் புறப்படும் ரேடார் அலைக்கற்றை, ஏறக்குறைய 250 கிலோமீட்டர் கடந்து இங்கே வருவதற்குள், பூமியின் வளைவால் நம் தலைக்கு மேல் 5 கிலோமீட்டருக்கும் உயரே போய்விடுகிறது. ஒரு டிகிரிக் கற்றையென்றால் அதன் அகலமே 4 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சில நூறு மீட்டர் அகலமே உள்ள டொர்னாடோ என்னும் கடும் சுழற்காற்றின் உள்ளமைப்பை அறிய, அமெரிக்க வானிலை ஆய்வாளர் ஜோஷுவா வுர்மன் குழுவினர் 1995 முதல் ரேடாரை லாரியில் ஏற்றிக்கொண்டு அருகிலேயே சென்றதன், இன்று நீயும் அப்படிச் செல்வதன் நியாயம் எனக்கு அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1999 மே 3 அன்று மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்று வேகத்தை அளந்ததும் அப்படிப்பட்ட லாரிதானே.

ரேடாரை நோக்கி வருவதையும் விலகிப் போவதையும் மட்டுமே, எதிரொலியின் அலைவெண் மாற்றத்தைக் கொண்டு வேகம் காணும் டாப்ளர் முறை அளக்கும் என்பதால், சுழலின் ஒரு பக்கம் நெருங்குவதாகவும் மறுபக்கம் விலகுவதாகவும் அடுத்தடுத்துத் தெரியும். கற்றைக்குக் குறுக்கே வீசும் காற்றோ கணக்கில் வராது. அதற்காகவே இரண்டு லாரிகளை வெவ்வேறு கோணத்தில் நிறுத்துகிறீர்கள் என்பது வரை சரி.

என் சந்தேகம் வேறு. களத்தில் ராகி தூற்றும்போது மணி ஒரு பக்கமும் உமி ஒரு பக்கமும் விழுகின்றன. இரண்டையும் தள்ளியது ஒரே காற்றுதான். ரேடார் காண்பதும் காற்றையல்ல, அது சுமக்கும் மழைத்துளி, புழுதி, தகரத் துண்டு ஆகியவற்றைத்தான். கனமானவை மையத்திலிருந்து வெளியே வீசப்படுவதால் நடுவில் எதிரொலி குறைந்து ஓட்டைபோலத் தெரிகிறது என்று படித்தேன். அப்படியானால், துண்டுகளின் வேகத்திலிருந்து காற்றின் வேகத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? அதிலும் தரையை ஒட்டிய சில மீட்டர்களில்தான் காற்று மிகக் கடுமையாக இருக்கக்கூடும்; வீடுகள் இருப்பதும் அங்கேதான், மரமும் மேடும் கற்றையை மறைப்பதும் அங்கேதான்.

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில், 4 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற சுழலில், அனுபவம் மிகுந்த டொர்னாடோ ஆய்வாளர் டிம் சமாராஸும் அவர் மகனும் உடன் சென்றவரும் இறந்ததையும் படித்துவிட்டேன். லாரியை நிறுத்தும் இடத்திலிருந்து திரும்பி வர வேறு சாலை உண்டா என்பதை முதலில் எழுது. என் சந்தேகத்துக்கான கணக்கை அப்புறம் அனுப்பலாம்.

அன்புடன்,
அம்மா