எழுதியவர் பெயரையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு கலைப் பக்கத்தில், திருகோணமலை மாவட்டத்தில் தயாரான மூன்று குறும்படங்களைப் பற்றிய அறிமுகம் சென்ற மாதம் வெளிவந்திருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் முயற்சிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி. நெறியாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர், நடித்தவர்கள், படப்பிடிப்புக் குழுவுக்குச் சாப்பாடு கொடுத்த கடைக்காரர் வரை எல்லோருடைய பெயர்களும் அதில் இருந்தன. மூன்று படங்களில் ஒன்றுக்குக்கூட எழுதியவரின் பெயர் இல்லை. அவற்றில் ஒன்றை எழுதியவள் நான். இது தங்கள் பிழை என்று சொல்ல நான் வரவில்லை. தங்களுக்குக் கிடைத்த குறிப்பில் அந்தப் பெயர் இருந்திருக்காது. சுவரொட்டியிலும் அது இல்லை. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும் என்பதே எவருக்கும் தோன்றாத ஒரு வழக்கம் எங்களிடையே வேரூன்றிவிட்டது. அந்த வழக்கத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

அந்த அறிமுகத்தில் ஒரு காட்சியை விசேடமாகப் பாராட்டியிருந்தீர்கள். விடியும் முன் கடற்கரையில் பெண்கள் காத்திருக்கும் காட்சி அது. ஒரு சொல்லும் பேசாமலே அது மனத்தில் நிற்கிறது என்றும், அதற்காக நெறியாளரைப் பாராட்ட வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. நெறியாளர் பாராட்டுக்கு உரியவர்தான், அதில் எனக்குச் சிறிதும் மனக்குறை இல்லை. ஆனால் அந்தக் காட்சி எப்படி உருவானது என்பதைச் சொன்னால், திரைக்கதை எழுதுகிறவரின் வேலை என்ன என்பது வாசகர்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

முதல் வரைவில், கடலுக்குப் போன கணவன் இன்னும் திரும்பாத அந்தப் பெண்ணுக்கு நான் பதினாறு வரி வசனம் எழுதியிருந்தேன். பயம், கோபம், பழைய நினைவு எல்லாவற்றையும் அவள் வாயாலேயே சொல்ல வைத்திருந்தேன். உப்புவெளிக் கரையில், வாடியில் (மீனவர் குடிசையில்) இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவர் கையில் இருந்த ஊசியை நிறுத்தாமலே, “பிள்ளை, கரையில நிக்கிற பொம்பிளை இவ்வளவு கதைக்கமாட்டா. எஞ்சின் சத்தத்திலயே ஆருடைய வள்ளமெண்டு அவவுக்குத் தெரியும்” என்றார். அன்றிரவு பதினாறு வரிகளையும் அழித்தேன். பிறகு எழுதியது இவ்வளவுதான்: இருட்டு. நான்கு பெண்கள் மணலில் இருக்கிறார்கள். தூரத்தில் ஓர் எஞ்சின் சத்தம். மூவர் எழுகிறார்கள், அவள் எழவில்லை. சிறிது நேரத்தில் இன்னொரு சத்தம். அவள் மட்டும் எழுந்து, கடலைத் திரும்பியும் பாராமல், கேத்திலை அடுப்பில் வைக்கப் போகிறாள். வள்ளம் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பத்து வரிகூட இல்லாத இந்தக் காட்சிக்கு எனக்கு மூன்று வாரங்கள் சென்றன. திரையில் பார்த்தவர்கள் அதில் வசனம் இல்லாததால் எழுத்தும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். வசனம் எழுதுபவர் மட்டுமே எழுத்தாளர் என்ற எண்ணம் பார்வையாளர்களிடம் மட்டுமன்றி, படம் எடுக்கிறவர்களிடமும் இருக்கிறது. யார் எப்போது எழுவது, எந்தச் சத்தம் முதலில் கேட்பது, எதைப் பார்வையாளர் தாமே ஊகிக்க விடுவது என்பவற்றைத் தீர்மானிப்பதுதான் திரைக்கதை.

தமிழ்ச் சினிமாவில் “கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்” என்று ஒரே வரியில் ஒரே பெயரைப் போடும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நான்கையும் உண்மையாகவே தாமே செய்த பெரும் திறமைசாலிகள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு தகுதியின் அடையாளமாக மாறியதும், பிறர் எழுதியதைப் படமாக்குவது தமக்குக் குறைவு என்று இளம் நெறியாளர்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் இலங்கைத் தமிழ்த் திரைப்பட வரலாறு இதற்கு மாறானது. 1977இல் வெளிவந்த ‘பொன்மணி’யை நெறிப்படுத்தியவர் சிங்களத் திரையுலகின் முக்கிய நெறியாளரான தர்மசேன பத்திராஜ, எழுதியவர் காவலூர் இராசதுரை. அந்தப் படத்தைப் பற்றி இன்றும் பேசுபவர்கள் இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘வாடைக்காற்று’ செங்கை ஆழியானின் நாவலில் இருந்து பிறந்தது. அந்தப் பெயரும் மறைக்கப்படவில்லை. வசதிகள் மிகக் குறைந்திருந்த காலத்தில் கடைப்பிடித்த மரியாதையை, கையடக்கத் தொலைபேசியிலேயே படம் எடுக்கக்கூடிய இந்தக் காலத்தில் நாம் கைவிட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பெயர் போனால் ஊதியமும் போகும் என்பதை நான் அனுபவத்தில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் உள்ள ஒரு தயாரிப்பு நிறுவனம், தொலைக்காட்சிக்காக 13 அத்தியாயங்கள் கொண்ட ஒரு நாடகத்தை எழுதித் தரும்படி கேட்டது. அத்தியாயத்துக்கு 4,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடிவாயிற்று. கூட்டம் என்று அழைக்கும் போதெல்லாம் இரவுப் புகையிரதத்தில் ஏறி, விடியற்காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, அலுவலகம் திறக்கும் வரை அங்கேயே காத்திருந்து, அன்றிரவே திரும்பினேன். அவ்வாறு ஐந்து முறை போய்வந்தேன். எட்டு அத்தியாயங்கள் எழுதிக் கொடுத்த பின், கதை மாறிவிட்டது, இனி வேறொருவர் எழுதுவார் என்றார்கள். கிடைத்தது 15,000 ரூபாய். நாடகம் ஒளிபரப்பானபோது என் எட்டு அத்தியாயங்களின் காட்சிகளில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. என் பெயர் திரையில் ஓடும் கடைசிப் பெயர் அட்டையில் “உதவி” என்ற தலைப்பின் கீழ், வாகன ஓட்டுனரின் பெயருக்கு அடுத்ததாக இருந்தது. எழுத்தில் ஒரு வரிகூட இல்லாததால் என்னால் எதையும் கேட்க முடியவில்லை. கேட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்ற பயமும் இருந்தது என்பதை ஒளிக்கவில்லை.

அப்போது எனக்குத் தெரியாத சில விடயங்களை இப்போது எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதி முடித்த ஒரு படைப்புக்கு அதை எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உண்டு. அதை எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுட்காலத்துக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கும். படைப்பின் பொருளாதார உரிமையை, அதாவது அதைப் பயன்படுத்தி வருமானம் பெறும் உரிமையை, இன்னொருவருக்குக் கொடுப்பதானால் அது எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட்டதாக இருக்க வேண்டும். அந்த உரிமையை விற்றுவிட்டாலும், எழுதியவர் என்று பெயர் குறிப்பிடப்படும் உரிமை தனியே நிற்கிறது. ஆனால் சட்டம் வெறும் எண்ணத்தைப் பாதுகாப்பதில்லை. தேநீர்க் கடையில் வாயால் சொன்ன கதைக்கு உரிமை கோருவது கடினம்; எழுதி, திகதியோடு மின்னஞ்சலில் அனுப்பிய பிரதிக்கு ஆதாரம் இருக்கிறது. 2018இல் சென்னையில் ஒரு பெரும் நட்சத்திரத்தின் படத்தைப் பற்றி எழுந்த முறைப்பாடு இதற்குச் சான்று. பல ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் தம் கதையைப் பதிந்து வைத்திருந்த ஓர் உதவி இயக்குனருக்கு, விடயம் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, படத்திலேயே அவரைக் குறிப்பிடும் அட்டை கிடைத்தது. பதிவுச் சீட்டு அவர் கையில் இல்லாதிருந்தால் அவரை யாரும் செவிமடுத்திருக்கமாட்டார்கள்.

ஊதியத்தை ஒரே தொகையாகக் கடைசியில் வாங்க ஒப்புக்கொள்ள வேண்டாம். கதைச்சுருக்கம் கொடுக்கும்போது ஒரு பங்கு, முதல் வரைவுக்கு ஒரு பங்கு, திருத்திய வரைவுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கேட்பது பிற நாடுகளில் சாதாரண நடைமுறை. எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். இரண்டு பக்கம் போதும். நல்ல மனமுள்ள தயாரிப்பாளர் இதைக் கண்டு கோபிக்கமாட்டார் என்பதை இப்போது அனுபவத்தில் காண்கிறேன்.

உரிமையைக் கேட்பவர்கள் தொழிலையும் செம்மையாகக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆங்கிலத் திரைக்கதையில், 12 புள்ளி கூரியர் எழுத்துருவில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று கணக்கிடுவார்கள். தமிழில் அந்தக் கணக்கு பொருந்தாது; எங்கள் சொற்கள் நீளமானவை, எழுத்துருவுக்கு எழுத்துரு பக்கமும் மாறும். பதினைந்து நிமிடப் படம் என்று நான் எண்ணி எழுதிய பிரதியைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பார்த்தபோது 26 நிமிடங்கள் வந்தன. அன்றிலிருந்து பக்கத்தை நம்புவதில்லை, வாசித்துத்தான் அளக்கிறேன். இன்னொரு சிறு விடயம்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பிரதி முழுவதும் குழம்பிய ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். ஒரு வாய்ப்பை நான் அப்படியே இழந்திருக்கிறேன். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடில் எழுதி, பிடிஎப் ஆக அனுப்புங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். “தமிழ்நாட்டிலும் விற்க வேண்டும், கதைக்கிறதை எல்லாம் பேசுறது என்று மாற்றுங்கள்” என்று எங்களிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். திருகோணமலையில் எழுதுகிறவருக்கு இருக்கும் மிகப் பெரிய மூலதனம் அவரது காது. சாம்பல்தீவில் ஒரு தாய் மகனைக் கூப்பிடும் தொனி வேறு, கிண்ணியாவில் வேறு, மூதூரில் வேறு. சந்தையில் மீன் விலை பேசும்போது தமிழும் சிங்களமும் ஒரே வசனத்தில் கலக்கும். இந்த வேறுபாடுகளை விட்டுவிட்டு எல்லோரையும் சென்னைத் தொடரின் மாமியார் போலப் பேசவைத்தால், அந்தக் கதையை எழுத எங்கள் ஊரிலிருந்து ஒருவர் தேவையே இல்லை.

இத்தொழிலை மட்டும் நம்பி எங்கள் ஊரில் ஒருவர் வாழ முடியுமா என்று கேட்டால், இன்று முடியாது என்றுதான் சொல்வேன். நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற அலைவரிசைகள் இருந்தும், உள்ளூரில் எழுதப்படும் தமிழ் நாடகங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. மாலை வேளைகளில் இந்தியத் தொடர்களே வீடுகளில் ஓடுகின்றன. ஆகவே பகலில் ஒரு வேலை, இரவில் எழுத்து என்பதே பலரது நிலை, எனதும் அதுவே. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் பயில்பவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வருகிறது. இவர்களுக்கெல்லாம் நல்ல பிரதிகள் தேவை. எழுதுபவருக்கும், படம் எடுக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் தேவை. ஒரு நெடுந்தொடருக்கான வாய்ப்பைத் தேடி அலைவதைவிட, படமாக்கப்பட்ட பத்து நிமிடக் குறும்படம் ஒன்று கையில் இருப்பது, கொழும்பில் கதவைத் தட்டும்போது அதிகம் உதவுகிறது.

இங்கு நாங்கள் நால்வர் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு விறாந்தையில் கூடி, எழுதிய பிரதிகளைச் சத்தமாக வாசிக்கிறோம். ஒருவர் வாசிக்க, ஒருவர் கடிகாரம் பார்க்க, மற்ற இருவர் எங்கே கவனம் சிதறியது என்று பிரதியில் குறித்துக்கொள்வார்கள். வலை பொத்தும் அந்த முதியவரும் இரண்டு முறை வந்திருக்கிறார். அவர் கொட்டாவி விட்ட இடங்களை நாங்கள் விவாதமின்றி வெட்டிவிடுகிறோம்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. இனி ஒரு குறும்படத்தைப் பற்றியோ தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றியோ தங்கள் பக்கங்களில் எழுதும்போது, வந்த குறிப்பில் எழுதியவர் பெயர் இல்லையென்றால், அனுப்பியவரை அழைத்து “எழுதியது யார்?” என்று ஒரு முறை கேளுங்கள். நெறியாளரே எழுதியிருந்தால் அவர் பெயரையே மகிழ்ச்சியோடு போடலாம். வேறொருவர் எழுதியிருந்தால், பத்திரிகை கேட்கிறது என்பதற்காகவாவது அடுத்த சுவரொட்டியில் அந்தப் பெயர் ஏறும். சென்ற மாத அறிமுகத்தில் விடுபட்ட மூன்று பெயர்களில் மற்ற இருவரையும் நான் அறிவேன். அவர்களுடைய சம்மதத்தைப் பெற்று, பெயர்களைத் தனித்தாளில் இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு இதழில் ஒரு சிறிய கட்டத்தில் அவற்றை வெளியிட்டு உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.