பென் டிரைவுக்கு எதற்கு மேடை?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கொடைவிழாக் கமிட்டிகளுக்கும், ஊர்வகை நிர்வாகிகளுக்கும், ஆலயத் திருவிழா நடத்தும் பங்குப் பேரவைகளுக்கும்,

வணக்கம்.

போன கொடை சீசனில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக் காலத்தில், ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். 'இரவு 8 மணிக்கு 80ஸ் ரெட்ரோ நைட், மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்று போட்டிருந்தார்கள். என்னை இழுக்க அந்த ஒரு வரி போதும். பழைய கேசட் எங்கே கிடைத்தாலும் பொறுக்கிக்கொண்டு வருகிறவன் நான். வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருக்கிறது. மழைக்காலத்தில் அதற்குக் கொஞ்சம் இழுப்பு வரும், மற்றபடி நன்றாகப் பாடும். 12 கிலோமீட்டர் பைக்கில் போய், எட்டு மணிக்கு முன்னாலேயே நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

மேடையில் எல்இடி சுவர், புகை மெஷின், நாலு பாடகர்கள், ஒரு கீபோர்டு. முதல் பாட்டு தொடங்கியது. வயலின்கள் கூட்டமாக எழுந்தன, புல்லாங்குழல் வந்தது, தபேலா உருண்டது. இதில் ஒன்றுகூட மேடையில் இல்லை. ஓரத்தில் ஒரு லேப்டாப், அதில் குத்தியிருந்த பென் டிரைவ். கீபோர்டுக்காரர் கைகட்டி நின்றிருந்தார்.

மூன்றாவது பாட்டில் ஒரு சங்கதி நடந்தது. பாடகருக்குத் தண்ணீர் தவித்திருக்கிறது. இடையிசை முடிந்து சரணம் எடுக்க வேண்டிய இடத்தில் மனிதர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டிராக் அவருக்காக நிற்குமா? அது பாட்டுக்குப் போய்விட்டது. அரை வரி தள்ளி, ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுவது போல ஏறிக்கொண்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏனென்றால், இதே போல் ஒன்றைச் சிறுவயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். பாட்டாவின் (தாத்தாவின்) மடியில் பாதி, மணலில் பாதியாக உட்கார்ந்திருந்தேன். பாடுகிறவர் சரணத்தை மறந்துவிட்டார். தபேலாக்காரர் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எதுவும் நடக்காதது போல இன்னொரு சுற்று வாசித்தார். அதைப் பிடித்துக்கொண்டு புல்லாங்குழல்காரர் முன்பு வாசித்த அதே துணுக்கை ஒரு சின்ன நெளிவோடு திரும்ப வாசித்தார். அதற்குள் பாடகருக்கு வரி ஞாபகம் வந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது, பாட்டே அப்படித்தான் என்று நினைத்து. பாட்டா மட்டும் என் காதருகே குனிந்து, "இது ரிக்கார்டுல இல்லாததாக்கும் மக்கா" என்றார்.

நான் சொல்ல வந்ததும் அதுதான். ரிக்கார்டில் உள்ளது என் வீட்டிலேயே இருக்கிறது. ரிக்கார்டில் இல்லாததைக் கேட்கத்தான் பைக்கை எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு வருகிறேன்.

இதை இந்த மாவட்டத்தில் சொல்ல வேண்டி வந்ததே வேடிக்கை. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதும் வில்லுப்பாட்டை விடவில்லை. கோயில் முற்றத்தில் கிடந்த வில்லைப் பொதுமேடைக்குத் தூக்கிக்கொண்டு போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அகில இந்திய வானொலி தன்னுடைய முதல் உள்ளூர் நிலையத்தை 1984-இல் தொடங்கியதும் நம் நாகர்கோவிலில்தான். மேற்கே விளவங்கோடு பக்கம் போனால் கச்சேரிக்குக் கானமேளா என்று பெயர். குத்துவிளக்கைச் சுற்றிக் கம்பு தட்டி ஆடும் களியல் உண்டு. வீட்டுக்குள் மராத்தி பேசிக்கொண்டு, திரைக்குப் பின்னால் தமிழில் இராமாயணம் நடத்தும் தோல்பாவைக் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ஆட்டுத்தோலில் வெட்டிய பாவைகள், ஒரு விளக்கு. இராமனுக்கும் இராவணனுக்கும், நடுவில் வந்து சிரிக்க வைக்கும் உளுவத்தலையனுக்கும் ஒரே ஆள்தான் குரல். ரெட்ரோ என்றால் 80-களோடு நின்றுவிட வேண்டுமா என்ன?

வில்லுப்பாட்டுக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

போன வருஷம் ஒரு அம்மன் கோயில் கொடையில் மத்தியானம் மூன்று மணிக்கு வில். பந்தலில் ஆறு கிழவிகள், ஒரு நாய், நான். நான் குடம் அடிக்கிறவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வில்லின் நடுவில் குடத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கையால் பத்தி என்கிற தட்டையான மட்டையைக் குடத்து வாயில் அடித்தார், 'கும்' என்று காற்று என் முழங்கால் வரை வந்தது. மறு கையில் ஒரு காசு. அதைக் குடத்தின் வயிற்றில் தட்டித் தட்டி இடைவெளியை நிரப்பினார். கதையைப் பாடி நடத்தும் புலவர் வீசுகோல் என்கிற கம்பை நாணில் இறக்கும்போது வில்லில் கட்டிய மணிகள் சிலிர்த்தன. உடுக்கைக்காரர் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அதை அழ வைத்துக்கொண்டிருந்தார். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர், "ஆமா, அப்புறம்?" என்றார். ஆறு கிழவிகளில் ஒருத்தி பதில் சொன்னாள்! புலவர் சிரித்துவிட்டு அவள் சொன்னதையும் கதையில் சேர்த்துக்கொண்டார். இதை எந்தப் பென் டிரைவில் ஏற்றுவீர்கள்?

அதே கோயிலில் ராத்திரி என்ன நடந்தது தெரியுமா? நோட்டீஸில் 8 மணி. சால்வை போர்த்தும் படலம் தொடங்கியது 8.10-க்கு. நன்கொடை தந்தவர், தருவதாகச் சொன்னவர், வந்திருந்த கட்சிக்காரர்கள், வராதவருக்குப் பதிலாக வந்தவர் என்று 9.20 ஆகிவிட்டது. 10 மணிக்குப் போலீஸ் வந்து நின்றது. ஒலி மாசு விதிகள் 2000-இலேயே வந்துவிட்டன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்துக்கென்று நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. இந்த விதியோடு எனக்குச் சண்டை கிடையாது. பழசு எல்லாமே நல்லது என்று சொல்கிற ஆளும் நானில்லை. தென்னைமரத்தில் கட்டிய கூம்புக் குழாய் விடிய விடிய அலறியதில், பரீட்சைக்குப் படிக்க முடியாமல் அழுதவன் நான். அது போய்த் தொலைந்தது நல்லதுதான். என் கேள்வி வேறு. இருப்பதே இரண்டு மணி நேரம் என்று தெரிந்த பிறகும் அதில் பாதியைச் சால்வைக்குக் கொடுக்கலாமா?

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் இரண்டு வருஷம் கமிட்டியில் இருந்தவன். பக்கத்து ஊரில் எல்இடி சுவர் வைத்துவிட்டால், நம் ஊரில் வைக்காமல், கொடைக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி கேட்டுப் போய் நிற்க முடியாது. "என்னவே, இந்தத் தடவ நமக்கு லைட்டே இல்லியா?" என்பார்கள். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் 14 பேர், 14 சாப்பாடு, ஒரு வேன். டிராக் குரூப் என்றால் அஞ்சு பேர், ஒரு கார். அந்தக் கணக்கைப் பார்த்து, 'அஞ்சு பேரே போதும்' என்று கைதூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த மடலில் பாதி எனக்கு நானே எழுதிக்கொள்வது.

14 பேர் வேண்டாம், சரி. ஆறு பேர் போதும். ஒரு தபேலா, ஒரு டோலக், ஒரு பாஸ் கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு புல்லாங்குழல், ஒரு வயலின். இவர்கள் கையால் வாசித்தால் பழைய பாட்டில் முக்கால்வாசி வந்துவிடும். வராத கால்வாசியைக் கூட்டமே பாடிவிடும். எல்இடி சுவர் வாடகையை இவர்களுக்குக் கொடுங்கள். சுவரில் ஓடுவது பெரும்பாலும் விளம்பரமும், மேடையில் நிற்கிற அதே பாடகரின் பெரிய முகமும்தானே.

வில்லை மத்தியானத்திலிருந்து ராத்திரி ஏழு மணிக்கு நகர்த்துங்கள். ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகள் டியூஷன் முடிந்து வந்துவிடுவார்கள், பெண்களும் அடுப்படி வேலையை ஒதுக்கிவிட்டு வருவார்கள். சால்வையைக் கச்சேரிக்கு நடுவில், பாட்டுக்காரர்கள் கட்டஞ்சாயா குடிக்கிற பத்து நிமிஷத்தில் வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

இன்னும் ஒன்று, இதற்குக் காசே ஆகாது. உங்கள் நோட்டீஸ்களைச் சேர்த்து வைக்கும் பழக்கமும் எனக்கு உண்டு. நன்கொடையாளர் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, அவருடைய கடை பெயர்கூட இருக்கிறது. பந்தல்காரர், மைக்செட்காரர் பெயரும் இருக்கிறது. வில்லுப்பாட்டு என்று வந்தால் புலவர் பெயரோடு 'குழுவினர்' என்று முடித்துவிடுகிறீர்கள். என் முழங்கால் வரை காற்றை அனுப்பிய அந்தக் குடக்காரர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நிகழ்ச்சி முடிந்து தேடிப் போவதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, தபேலாவுக்கு யார், குடத்துக்கு யார், உடுக்கைக்கு யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனிஷியலோடு.

இப்படிக்கு,
பந்தலில் மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கேசட் பைத்தியம்,
கல்குளம் தாலுகா