பரிசல் தடைக்கு ஒரே எண் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றத்தால் உல்லாசப் படகுத் தொழில் என்ன ஆகும் என்று பேச்சு வந்தால், கடலும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே அடி பலமாகத்தான் விழுகிறது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் வாடகைக்கு விடும் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துப் போட்டது. 2024 ஆகஸ்ட் 19 விடியற்காலையில், சிசிலிக் கரையோரம் நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் நீளமுள்ள 'பேஸியன்' பாய்மரப் படகு திடீர்ச் சூறைக்காற்றில் மூழ்கி 7 பேர் இறந்தார்கள். ஆனாலும் அந்தப் படகுகளுக்கு இடம் மாறும் வசதி இருக்கிறது. ஜூன் 1-க்குள் புயல் வட்டாரத்தை விட்டு வெளியேறாத படகுக்குப் புயல் சேத இழப்பீடு கிடையாது என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். ஒகேனக்கல் பரிசலை அப்படி எங்கே கொண்டுபோவது?

நம் மாவட்டத்தின் உல்லாசப் படகு பரிசல்தான். வெள்ளம் வந்தால், ஆற்றின் மேலே பிலிகுண்டுலுவில் அளக்கும் நீரளவு எண்ணைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் தடை போடும்; வறண்டால் பாறை தட்டும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டத் தோதான நாட்கள்தான் தொழில். மழை பெய்யும் விதம் மாறியதால் அந்த நடு நாட்களை இனி நம்ப முடியாமல் போய்விட்டது. 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பின் நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அந்த அக்டோபரில் மேட்டூர் அணை 30 அடி அளவுக்கு இறங்கிப் பாசன நீர் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி அதே அணை 120 அடி நிரம்பியது. அதற்கு முந்தைய நாட்களில் ஒகேனக்கல்லில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் ஓடியது. விநாடிக்கு 28 லட்சம் லிட்டர் என்றால் அளவு புரியும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை தள்ளிப்போகிற காலம் நீள்கிறது, பெய்தால் மொத்தமாகக் கொட்டுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒகேனக்கல்லுக்கு இரண்டு விதமான வெள்ளம் வருகிறது. ஒன்று அணை வெள்ளம். வயநாட்டில் மழை பிடித்தால் முதலில் நிரம்புவது கபினி. அதன் கொள்ளளவு 19.5 டிஎம்சிதான், 49 டிஎம்சி பிடிக்கும் கிருஷ்ணராஜ சாகரைப்போலத் தாங்கி நிற்காது. வந்ததை வந்தபடி திறந்துவிட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் நம்மிடம் வந்துசேரக் குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும், அறிவிப்பும் வந்துவிடும். பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைக்க அவகாசம் தாராளம்.

இரண்டாவதுதான் ஆபத்து. சிம்சா, அர்க்காவதி ஆகியவை அந்த இரண்டு பெரிய அணைகளுக்கும் கீழே காவிரியில் கலக்கின்றன. பெங்களூரு, ராமநகரம் பக்கம் இரவில் கொட்டிய மழை அர்க்காவதி வழியாகத்தான் வருகிறது. கபினி, கிருஷ்ணராஜ சாகர் திறப்பு விவரத்தில் அதற்கு இடமே இல்லை. சின்னாறு இன்னும் மோசம். அது ஒகேனக்கல்லிலேயே சேர்வதால் மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் எடுக்கும் அளவில் அது சேராது. பிலிகுண்டுலு கணக்கில் 6,000 கனஅடி என்று இருக்கும்போதே பரிசல் துறையில் தண்ணீர் நிறம் மாறிச் செம்மண் குழம்பாக ஏறும். நுரையோடு சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அது உள்ளூர் வெள்ளம் என்று பரிசல் ஓட்டிகள் உடனே கண்டுகொள்வார்கள். எண்ணைப் பார்த்து அனுமதி தரும் அலுவலகத்துக்கு அது தெரிய வழியில்லை. இப்படிப்பட்ட மழை இங்கே வராது என்று சொல்வதற்கும் இனி இடமில்லை: ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல்.

ஆகவே பிலிகுண்டுலு எண் ஒன்றை மட்டும் வைத்து எல்லாப் பரிசல் துறைக்கும் ஒரே உத்தரவு போடுவது பாதுகாப்புக்கும் உதவாது, பிழைப்புக்கும் உதவாது. பாறைக்கு நடுவே குறுகி ஓடும் இடத்தில் கொஞ்சம் நீர் கூடினாலும் மட்டம் சடசடவென்று ஏறும். ஆறு அகன்று பரவும் மணல்திட்டுப் பக்கம் அதே கனஅடி அமைதியாகப் போகும். நீரோட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் பரிசலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. பரிசலுக்குச் சுக்கானும் கிடையாது, அடிக்கட்டையும் கிடையாது. ஒற்றைத் துடுப்பால் அந்த விசையை எதிர்க்க ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை துறைக்குத் துறை மாறும். கோத்திக்கல், மாமரத்துக்கடவு, ஊட்டமலை என ஒவ்வொரு துறையிலும் பாறையில் பெயின்டால் அளவுகோல் எழுதி, பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துவிட்டால் போதும். பெரிய செலவில்லை. சின்னாற்றுக்கும் தனியாக ஓர் அளவுகோல் வேண்டும். அது மஞ்சளைத் தொட்டால், பிலிகுண்டுலு எண் என்ன சொன்னாலும் பரிசல் கரைக்கு வந்தாக வேண்டும்.

தண்ணீர் குறைந்த காலத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஏழு அடி விட்டமுள்ள பரிசலில் ஓர் ஆள் ஏறினால் ஏறக்குறைய 2 செ.மீ. அமிழும். ஓட்டியும் நான்கு பேரும் என்பதை ஓட்டியும் இரண்டு பேரும் என்று குறைத்தால் அடியில் 4 செ.மீ. இடைவெளி கிடைக்கும். அடிப்பாகம் பாறையில் உரசிக் கிழிவதற்கும் தப்புவதற்கும் உள்ள வித்தியாசம் பல இடங்களில் அவ்வளவுதான். ஆனால் ஆளைக் குறைத்தால் கட்டணம் கட்டுப்படியாகாது. குறைந்த நீருக்குத் தனிக் கட்டணம் நிர்ணயித்தால்தான் ஓட்டிகளால் அதைக் கடைப்பிடிக்க முடியும்.

பரிசலுக்கும் வெயில் சேதம் வருகிறது. மூங்கில் பிளாச்சைப் பின்னி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மேலே தார் பூசுவதுதான் இப்போதைய கட்டுமானம். சாலைக்குப் போடும் வி.ஜி.-30 தாருக்கே இளகும் நிலை குறைந்தபட்சம் 47 டிகிரி என்றுதான் தரம் வகுத்திருக்கிறார்கள். ஏப்ரல், மே வெயிலில் கருப்பான அடிப்பாகம் வானம் பார்த்துக் கிடந்தால் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். தார் இளகி விளிம்பை நோக்கி வழிந்துவிடும். பாறையில் உரசும் நடுப்பகுதியில் மெல்லிய பூச்சுதான் மிஞ்சும். பார்வைக்குக் கருப்பாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கவிழ்த்து வைத்த பரிசல்மேல் தென்னங்கீற்றோ நனைத்த சாக்கோ போட வேண்டும், திரும்ப ஆற்றில் இறக்குமுன் நடுவட்டத்துக்கு மட்டுமாவது ஒரு பூச்சுத் தார் கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் கரையில் கிடந்தால் மூங்கில் உளுத்தும் போகும். பின்னுவதற்கு முன் மூங்கிலை இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து இறங்கி வண்டு சேர்வது குறையும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

உயிர்காப்பு மேலங்கியும் வெயிலில் கெடும் பொருள்தான். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கி மிதக்கும் திறன் குறைந்தது வெளியே தெரியாது. ஒவ்வொரு மேலங்கியிலும் 5 கிலோ இரும்புப் படிக்கல்லைக் கட்டித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மூழ்கினால் கழித்துவிடலாம்.

கடைசியாக நிவாரணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்கு மீனவர் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் தருகிறது. அது முன்கூட்டியே தேதி தெரிந்த தடை. பரிசல் தடைக்குத் தேதியே கிடையாது. கோடை விடுமுறையிலும் வரும், ஆடிப்பெருக்கிலும் வரும். பதிவு பெற்ற ஓட்டிகளுக்குத் தடை நாள் கணக்கில் நிவாரணம் தர வேண்டும். இதற்குப் புதிதாகக் கணக்கெடுப்பு எதுவும் வேண்டாம். தடை போட்ட நாளும் நீக்கிய நாளும் மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவுகளிலேயே இருக்கின்றன, அன்றைய நீரளவு பிலிகுண்டுலு பதிவேட்டில் இருக்கிறது. வறட்சியால் பரிசல் நிற்கும் நாட்களுக்கு மட்டும்தான் இதுவரை உத்தரவென்று எதுவும் போடப்படுவதில்லை. துறை அளவுகோல் வந்துவிட்டால் அதற்கும் ஒரு பதிவு கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
பரிசல் தொழில் சார்ந்த வாசகர்கள்,
ஒகேனக்கல், பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.