பழைய குண்டுவீச்சு விமானங்களில் பயணிகளை ஏற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் கால குண்டுவீச்சு விமானங்களைப் பறக்கும் நிலையில் பராமரித்து, கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் அருங்காட்சியகங்கள், அறக்கட்டளைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பறப்பதை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அமெரிக்காவின் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமான பி-17 மொத்தம் 12,731 கட்டப்பட்டன. இன்று பறக்கத் தகுதியோடு இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் அரை மணி நேரம் உட்கார ஒருவர் 450 டாலர் தருகிறார் என்றால் அது அவர் விருப்பம், நியாயமான விருப்பமும்கூட. எங்கள் கோரிக்கை வேறு. எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்திடும் ஆளும், இன்று பறக்கலாம் என்று முடிவெடுக்கும் ஆளும் ஒருவராகவே இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் இதை ஒட்டியே வருகிறது.

2019 அக்டோபர் 2 அன்று கனெடிகட் மாநிலத்தின் பிராட்லி விமான நிலையத்தில் ‘நைன்-ஓ-நைன்’ என்ற பி-17 விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். விமானத்தில் இருந்த 13 பேரில் 7 பேர் இறந்தனர். அவர்களில் ஐவர் பயணிகள். கிளம்பிய சில நிமிடங்களிலேயே, 4-ஆம் எஞ்சினின் மேக்னெட்டோ (பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவி) சரியில்லை, திரும்பி வருகிறேன் என்று விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். தரையிலிருந்து சுமார் 300 அடி உயரத்தில், சக்கரங்களை முன்கூட்டியே இறக்கியபடி திரும்பிய விமானம் ஓடுபாதைக்கு 1,000 அடி முன்னாலேயே வழிகாட்டி விளக்குகளில் இடித்தது. வேகத்தையும் சக்கரம் இறக்கும் நேரத்தையும் சரியாகக் கையாளாததே முதன்மைக் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. சுற்றுப்பயணத்தின்போது பராமரிப்பு போதாமல் போனதும், கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்தின் கண்காணிப்புக் குறைவும் துணைக் காரணங்கள். அந்த விமானிதான் விமானத்தை இயக்கிய அமைப்பின் பராமரிப்பு இயக்குநரும். பழி சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், நேற்று தானே ‘சரி’ என்று எழுதிய எஞ்சினை இன்று காலை சந்தேகிப்பது மனிதருக்குக் கடினம்.

அந்த எஞ்சின்களில் பிறகு கண்டவற்றை உங்கள் மெக்கானிக்குகள் அனைவரும் படித்திருக்க வேண்டும். ரைட் ஆர்-1820 எஞ்சினுக்கு 9 சிலிண்டர், சிலிண்டருக்கு 2 ஸ்பார்க் பிளக். ஆக எஞ்சினுக்கு 18, விமானத்துக்கு 72. இரண்டு மேக்னெட்டோக்கள் ஆளுக்கு ஒரு வரிசைப் பிளக்குகளுக்குத் தீப்பொறி தருகின்றன. ஒன்று செத்தாலும் மற்றது ஓட்டிவிடும் என்பதுதான் ஏற்பாடு. 4-ஆம் எஞ்சினில் இடது மேக்னெட்டோவை அணைப்பதற்கென்றே உள்ள கம்பி, ஒற்றை இழைப் பாதுகாப்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அது தளர்ந்து முனை மேக்னெட்டோவின் உலோகக் கூட்டில் பட்டதும், யாரும் சுவிட்சைத் தொடாமலேயே மேக்னெட்டோ அணைந்துபோனது. காப்பாற்ற வேண்டிய வலது மேக்னெட்டோவோ, பாயின்ட் இடைவெளி (உள்ளே மின்சாரத்தைத் துண்டிக்கும் முனைகளுக்கு இடையிலான இடைவெளி) இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லாமல், 9 சிலிண்டரில் 4-க்கு வலுவற்ற பொறி தந்தது, அல்லது தரவே இல்லை. 3-ஆம் எஞ்சினில் சோதித்த பிளக்குகள் எல்லாவற்றிலும் அழுக்கு. எல்லா இடைவெளிகளும் அளவு தவறியிருந்தன. சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடித்துச் சேதப்படுத்திய தடயமும் இருந்தது. இதில் மர்மம் எதுவும் இல்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் சோதனை விளக்கும் கையில் உள்ள இன்னொரு மெக்கானிக் கண்டுபிடித்திருக்கக்கூடியவை.

உங்கள் தொழில்முறையே பிளக்குகளுக்குப் பகை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெடுந்தூரம் போய்க் குண்டு வீசித் திரும்புவதற்காகச் செய்த எஞ்சினை, அரை மணி அரை மணியாக நாளெல்லாம் கிளப்பி நிறுத்துகிறீர்கள். தரையில் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது பெட்ரோலில் உள்ள ஈயமும், கீழ்ச் சிலிண்டர்களில் கசிந்த எண்ணெயும் பிளக்கில் படிகின்றன. இரவில் விமானம் திறந்தவெளியில் நிற்கிறது. மேக்னெட்டோவுக்குள் ஈரம் இறங்குகிறது. காலையில் எஞ்சின் கிளம்ப மறுத்தால், ஈரத்தை ஊதி உலர்த்திவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. உலர்த்துங்கள். ஆனால் அதன் பிறகு அந்த எஞ்சின் பயணிகள் இல்லாமல் ஒருமுறை பறந்து வரட்டும்.

கிளப்புவதற்கு முன் புரொப்பல்லரைக் கையால் சுழற்றி 9 இதழ்களாவது கடத்துவது எல்லோரும் செய்வதுதான். அது சுழலாமல் தடுக்கும்போது இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு அழுத்துவதும், பின்பக்கமாகச் சுற்றிவிடுவதும் உண்டு. கீழ்ச் சிலிண்டரில் எண்ணெய் தேங்கியிருந்தால், அப்படி அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்த இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அது அன்றைக்கே உடையாது. வேறொரு நாள், ஆட்கள் இருக்கும்போது உடையும். கீழ்ப் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிப்பது ஒன்றே வழி. ஓடுபாதை முனையில் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிக்கும்போது சுழற்சி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுக்கு மேல் குறைந்தால், அல்லது எஞ்சின் குலுங்கினால், திரும்பிவிட வேண்டும். அந்த எண்களை நான்கு எஞ்சினுக்கும் தினமும் எழுதி வையுங்கள். ஒரு வாரமாக 40, 55, 70, 85 என்று ஏறிவந்த எண் எச்சரிக்கிறது. தனியாக நிற்கும் 85 யாரையும் எச்சரிக்காது.

இனி உள்ளே இருப்பவர்கள். விபத்துக்குள்ளான விமானத்தின் உதவியாளருக்கு முறையான தொடக்கப் பயிற்சியே இல்லை என்று 2020 மார்ச்சில் அந்த அமைப்புக்குக் கட்டணப் பயணிகளை ஏற்றத் தரப்பட்டிருந்த விலக்கு அனுமதியை ரத்து செய்த ஆணை சொல்கிறது. எங்கள் கருத்தில் அந்த ஆணையில் மிகக் கனமான வரி அதுதான். இந்த விமானத்தில் பயணிக்குத் தெரிந்த அமைப்பு எதுவும் கிடையாது. முதன்மைக் கதவு வலப்பக்கம் பின்னால் இருக்கிறது. மூக்குப் பக்கக் கதவு இடப்பக்கம் அடியில், உள்பக்கப் புரொப்பல்லருக்கு அருகில். எஞ்சின்கள் நின்றால் ஒழிய அதில் இறங்கக் கூடாது. ரேடியோ அறைக்கு மேலே ஒரு திறப்பு உண்டு. குண்டறையைக் கடக்கப் பாதம் வைக்கும் அகலத்தில் ஒரு நடைபாலம்தான். உடல் பெருத்தவர் அங்கே சிக்கிக்கொள்வார், எனவே அவரை நடுப்பகுதியிலேயே உட்கார வையுங்கள். குண்டறைக் கதவுகள் ஆள் எடையைத் தாங்குபவை அல்ல. கூரையோரம் ஓடும் கம்பிகள் கைப்பிடி அல்ல, வாலைத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கம்பிகள்.

இவற்றை வாயால் சொல்லி முடிப்பது போதாது. எஞ்சின் கிளப்பும் முன் ஒவ்வொரு பயணியும் கதவின் அவசரக் கைப்பிடியைத் தானே தொட்டு, அது எந்தப் பக்கம் இழுபடும் என்று பார்க்கட்டும். இடுப்புப் பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் கழற்றட்டும். பத்துப் பேருக்கு இருபது நிமிடம் ஆகும். நைலான் சட்டை தீயில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி உடையும் மூடிய காலணியும் வேண்டும் என்பதை நுழைவுச்சீட்டு விற்கும்போதே சொல்லுங்கள், விமானத்தடியில் வைத்துச் சொல்லிப் பயனில்லை.

இறக்கை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021-இல் ஒரு பி-17-இன் இறக்கை இணைப்பில் பழுது கண்டு, 2023-இல் ஆய்வு ஆணை வந்து, எல்லா பி-17-களும் தரையில் நின்றன. உலோகத்துக்கு ஆணை பிறப்பித்துவிடலாம். மேக்னெட்டோவைப் பார்க்கும் மனிதரின் அவசரத்துக்கு யாரும் ஆணை பிறப்பிப்பதில்லை.

அந்த அவசரத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது. பத்து இருக்கை நிறைந்தால் ஒரு சுற்றுக்கு 4,500 டாலர். எஞ்சின்கள் மணிக்குச் சுமார் 200 கேலன் பெட்ரோல் குடிக்கின்றன. மறுநாள் வேறு ஊரில் முன்பதிவு காத்திருக்கிறது. ஆகவே எங்கள் கேட்பு இது: ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன், அன்று விமானம் ஓட்டாத, வருமானக் கணக்கோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்தால் விமானியோ ஏற்பாட்டாளரோ அதை மாற்ற முடியாது என்று உங்கள் விதிமுறையில் எழுதுங்கள். ரத்தானால் முழுத் தொகையும் ஏழு நாளில் கேள்வியின்றித் திரும்பும் என்று நுழைவுச்சீட்டிலேயே அச்சிடுங்கள். அடுத்த பருவத்துக்கான முன்பதிவைத் திறக்கும் முன் இவை இரண்டையும் உங்கள் அறிவிப்பில் பார்க்க விரும்புகிறோம்.

இப்படிக்கு,
பழைய விமானங்களையும் அவற்றின் எஞ்சின்களையும் அறிந்த சிலர்